நீல அட்டையைத் திருப்பிக் கொடுக்கவில்லை

அடுத்த வாரம் சிங்கப்பூருக்குக் கிளம்புகிறோம். இனி அங்கேதான் என்று முடிவாகிவிட்டது. ஊரில் யார் கேட்டாலும், "மக அங்க இருக்குல்ல, அதான்" என்று வீட்டுக்காரர் சொல்லிவைக்கிறார். மகள் இருப்பது உண்மை. ஆனால் காரணம் அது மட்டும் இல்லை. ஆறு மாதம் இங்கே தங்கிப் பார்த்ததில் எனக்குப் புரிந்ததை, கடைசியில் அவருக்கும் புரிந்ததை, ஒருமுறை முழுதாக எழுதிவிட வேண்டும் போல இருக்கிறது. எங்களைப் போல இரண்டு மனதாக இருப்பவர்கள் இந்தக் கடற்கரையில் வீட்டுக்கு வீடு உண்டு.

அவருடைய ஊர் தேவிபட்டினத்துக்கும் திருப்பாலைக்குடிக்கும் நடுவில், கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து கடலைப் பார்த்து இறங்கும் ஒரு சின்னக் கிராமம். 1988-இல், இருபத்தேழு வயதில், கப்பல் பட்டறை வேலைக்குச் சிங்கப்பூர் போனார். நிரந்தரவாசம் கிடைத்த பிறகுதான் எங்கள் கல்யாணம். 1994-இல் நான் போய்ச் சேர்ந்தேன். செம்பவாங்கில் அவருக்கு வேலை, பக்கத்திலேயே உட்லண்ட்ஸில் வீவக வீடு (அரசு கட்டிய அடுக்குமாடி வீடு), அதே வட்டாரத்தில் ஒரு பாலர் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கும் வேலை எனக்கு. முப்பத்தோரு வருடம் ஓடிவிட்டது. மகள் அங்கேயே பிறந்து, படித்து, குடியுரிமையும் வாங்கி, கல்யாணமாகி பொங்கோலில் இருக்கிறாள். நாங்கள் இருவரும் இன்னும் நிரந்தரவாசிகள்தான். குடிமக்களுக்கு இளஞ்சிவப்பு அடையாள அட்டை, எங்களுக்கு நீலம். இந்தியக் கடவுச்சீட்டும் நீலம். இரண்டையும் ஒரே கைப்பையில் வைத்துக்கொண்டே இத்தனை காலத்தை ஓட்டிவிட்டோம்.

"ஓய்வு பெற்றால் ஊருக்குத்தான்" என்பது அவருடைய முப்பது வருடத்துப் பேச்சு. திண்ணை வைத்த வீடு ஒன்றை 2009-இல் கட்டிப் போட்டோம். வருடத்துக்கு மூன்று வாரம் திறப்போம், மற்ற நாளெல்லாம் பூட்டிக் கிடக்கும். போன வருடம் வேலையை விட்டதும் நீல அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றார். நான்தான் சம்மதிக்கவில்லை. "ஆறு மாசம் இருந்து பார்ப்போம். நம்மால முடியுதான்னு தெரிஞ்ச பிறகு கொடுப்போம்" என்றேன். அவருக்கு அது மனக்கஷ்டம். சொந்த ஊரைப் போய் யாராவது சோதித்துப் பார்ப்பார்களா என்று கேட்டார்.

அட்டையைக் கொடுப்பது என்றால் என்ன என்று கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மத்திய சேம நிதி என்று ஒன்று உண்டு. நம் சம்பளத்தில் ஒரு பங்கு, முதலாளி ஒரு பங்கு, மாதாமாதம் அதில் சேரும். நிரந்தரவாசத்தை விட்டுவிட்டு ஒரேயடியாக வெளியேறினால் அதில் இருப்பது மொத்தமும் கைக்கு வந்துவிடும். விடாமல் அங்கேயே இருந்தால் 65 வயதிலிருந்து மாதத்துக்கு இவ்வளவு என்று உயிர் இருக்கும்வரை வரும். அட்டை போனால் வீவக வீட்டையும் வைத்துக்கொள்ள முடியாது, விற்றாக வேண்டும். சரி, அட்டையை வைத்துக்கொண்டு முழு வீட்டையும் வாடகைக்கு விட்டுவிட்டு ஊரில் இருக்கலாமே என்றால், நிரந்தரவாசிகளுக்கு அந்த அனுமதி இல்லை. மெடிசேவ் கணக்கில் மருத்துவத்துக்கென்று சேர்ந்திருக்கும் பணத்திலிருந்து இராமநாதபுரத்து ஆஸ்பத்திரி பில்லுக்கு ஒரு வெள்ளி எடுக்க முடியாது. இந்தப் பக்கம் பார்த்தால், ஊர் வங்கியில் வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்ஆர்இ கணக்கில் போட்டிருக்கும் வைப்புத்தொகையின் வட்டிக்கு இப்போது வரி இல்லை. நிரந்தரமாகத் திரும்பிவிட்டால் அதைச் சாதாரணக் கணக்காக மாற்ற வேண்டும், வரியும் வரும். ஆக, அட்டையைக் கொடுத்தால் எல்லாக் கதவும் ஒரே நாளில் சாத்திக்கொள்ளும்.

மொத்தப் பணத்தைப் பற்றி எனக்கு ஒரு பயம் எப்போதும் உண்டு. மொத்தமாக வருவது ஊருக்குத் தெரிந்த பணம். மாதாமாதம் வருவது நமக்கு மட்டும் தெரிந்த பணம். சொந்தத்தில் ஒருவர் பத்து வருடம் முன்பு மொத்தமாக எடுத்துக்கொண்டு வந்தார். மாடி வைத்து வீடு எடுத்தார், இரண்டு மருமகன்களுக்குத் தொழில் வைத்துக் கொடுத்தார், கோயில் திருப்பணியில் பெரிய தொகை எழுதினார். யாரையும் ஏமாற்றவில்லை, யாரும் அவரை ஏமாற்றவும் இல்லை. கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார், அவ்வளவுதான். இன்றைக்கு அவர் மனைவி நண்டு கம்பெனிக்குச் சதை எடுக்கப் போகிறார். விரலெல்லாம் ஓடு கிழித்த கோடு. என் சேம நிதி என் பேரில் இருக்கிறது. முப்பது வருடம் குழந்தைகளுக்கு அ, ஆ எழுதக் கைபிடித்துச் சேர்த்தது. அது என் பேரிலேயே, என் கணக்கிலேயே வரவேண்டும் என்று நான் நினைப்பதை யாரும் பேராசை என்று சொல்லக்கூடாது.

சரி, ஊருக்கு வருகிறேன்.

ஐப்பசியில் வந்து இறங்கினோம். திருச்சியிலிருந்து புதுக்கோட்டை, காரைக்குடி, தேவகோட்டை வழியாக நாலு மணி நேரம். வந்த கொஞ்ச நாளில் மழை பிடித்துக்கொண்டது. 2024 நவம்பர் 20-ஆம் தேதி இராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது. எங்கள் பக்கம் அவ்வளவு இல்லாவிட்டாலும் கண்மாய் நிறைந்தது. இவர் ஒரு மோட்டார் சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு இராஜசிங்கமங்கலம் கண்மாயைப் பார்க்கப் போனார். நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை என்று இந்தப் பக்கத்தில் சொல்வார்கள். ஒரு நாரையால் ஒரே மூச்சில் பறந்து கடக்க முடியாத அளவு நீளமான கரையாம். திரும்பி வந்தவர் சின்னப் பையன் மாதிரி கரை முழுக்க வர்ணித்தார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. காலையில் காரல் மீனும் முரல் மீனும் துள்ளத் துள்ள வாசலுக்கு வரும். கார்த்திகையில் வயலில் நெல், பக்கத்துத் தோட்டத்தில் முண்டு மிளகாய் நாற்று. எங்கள் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததை உட்லண்ட்ஸில் உட்கார்ந்து படித்தபோது கண் கலங்கியவள் நான். இப்போது அதைச் செடியில் பார்க்கிறேன்.

கடலும் அப்படித்தான். தெற்கே மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும், எங்கள் பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண்கடல் என்றும் சொல்வார்கள். இது சத்தம் போடாத கடல். விடியும்போது எண்ணெய் ஊற்றி வைத்த தட்டு மாதிரி கிடக்கும்.

அவருக்கு இந்த ஊர் என்ன கொடுக்கிறது என்பதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். டீக்கடைக்குப் போனால், "நீ இன்னார் மகன்தானே, ஒங்கப்பா எங்களுக்கு வண்டிமாடு ஓட்டச் சொல்லிக்கொடுத்தவருல்ல" என்று யாராவது கையைப் பிடித்துக்கொள்வார்கள். முப்பத்தாறு வருடம் சிங்கப்பூரில் அவர் யாருடைய மகன் என்று யாரும் கேட்டதில்லை. ராத்திரி படுக்கும்போது அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார். "இங்க நான் யாரோட மகன்னு தெரிஞ்ச ஆளுக இன்னும் இருக்காங்க." அந்த ஆசை நியாயமானது. என்னால் அதற்குப் பதில் சொல்ல முடியவில்லை. ஆனால் அதே ஊரில் நான் யாருடைய மகள் என்று யாருக்கும் தெரியாது. யார் வீட்டு மருமகள் என்று மட்டும்தான் தெரியும். உட்லண்ட்ஸில் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் நடந்தால், என்னிடம் படித்து வளர்ந்து இப்போது மீசை வைத்திருக்கும் பையன்கள் "டீச்சர்" என்று ஓடிவருவார்கள். அவருக்கு இங்கே கிடைப்பது எனக்கு அங்கே கிடைக்கிறது. இது இரண்டு மாதம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.

தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அரசு அலுவலர்களைத் தண்டிக்க வேண்டுமென்றால் "தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன்" என்று மிரட்டுவார்கள் இல்லையா, அந்தக் காடு எங்கள் மாவட்டம்தான். மழை பெய்து கண்மாய் நிறைந்தாலும் குடிக்கிற தண்ணீர் வேறு விஷயம். கிணறு தோண்டினால் உப்பு. காவிரித் தண்ணீர் எவ்வளவோ தூரம் குழாயில் வந்து எங்கள் தெருமுனையில் சொட்டுகிறது. அது வந்த பிறகு பழைய கொடுமை இல்லை, உண்மை. ஆனால் இன்றைக்கு வருமா, வந்தால் எத்தனை மணிக்கு வரும் என்பது யாருக்கும் தெரியாது. இந்த ஊரில் பெண்கள் ஒருவரைப் பார்த்தால் ஒருவர் கேட்கிற முதல் கேள்வியே, "எத்தன மணிக்குன்னு சொன்னாங்களா?" என்பதுதான்.

வீட்டுக்காரரின் மறைந்த அண்ணனின் மனைவி பக்கத்து வீட்டில் இருக்கிறார். அவருக்கு மதினி, எனக்கு ஓரகத்தி, நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். வயது அறுபத்தொன்பது. மூத்தவன் திருப்பூரில் பனியன் கம்பெனியில், இளையவன் ரியாத்தில். அக்கா தனியாகத்தான் இருக்கிறார். மாசி பிறந்ததிலிருந்து நானும் அவரோடு ஊத்துக்குப் போக ஆரம்பித்தேன்.

விடிகாலை நாலு மணிக்கு எழுந்து தள்ளுவண்டியை எடுக்க வேண்டும். இராமநாதபுரம் பக்கத்தில் பார்த்திருப்பீர்கள், குடம் உட்கார வட்டவட்டமாகக் கம்பி வைத்த வண்டி. எங்களுடையதில் ஆறு குடம். மணலில் இடுப்பளவு ஆழத்துக்குத் தோண்டிய குழிதான் ஊத்து. ஆடு விழாமல் இருக்க மேலே சீமைக்கருவேல முள்ளைப் போட்டு மூடியிருக்கும். அக்கா முள்ளை விலக்கிவிட்டு, சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு இறங்குவார். அடியில் ஒரு சாண் அகலத்துக்குத் தண்ணீர் கண் மாதிரி மின்னும். சிரட்டையைச் சாய்த்து, மண் கலங்காமல், மேலாக அள்ள வேண்டும். ஒரு சிரட்டை, இரண்டு சிரட்டை, மூன்றாவதுக்குத் தண்ணீர் இருக்காது. சுரக்கும்வரை குழிக்குள்ளேயே குனிந்தபடி நிற்க வேண்டும். குடத்தின் வாயில் வெள்ளைத் துணி கட்டி, அதன்மேல் ஊற்றுவோம். அவசரப்பட்டு இன்னும் கொஞ்சம் ஆழமாகத் தோண்டினால் கீழே இருக்கிற உப்புத் தண்ணீர் ஏறிவிடும், ஊத்தே கெட்டுப்போகும். நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிசாக மிதக்கிறது, அந்த மெல்லிசைத்தான் அள்ளிக்கொண்டிருக்கிறோம். ஆறு குடம் நிறைய ஒன்றரை மணி நேரம் ஆனது. அக்கா இதை ஐம்பது வருடமாகச் செய்கிறார்.

காசு கொடுத்து வாங்கலாமே என்று கேட்பீர்கள். வாங்கினோம். வண்டித் தண்ணீர் குடம் பதினைந்து ரூபாய். ஆனால் வண்டி வரும் நேரத்துக்கு வாசலில் ஆள் நிற்க வேண்டும். குழாயில் வருகிற ராத்திரியில் விழித்திருக்க ஆள் வேண்டும். பிடித்த தண்ணீரை எதற்கு எவ்வளவு என்று கணக்குப் பார்க்க ஆள் வேண்டும். திண்ணைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் டீ போட ஆள் வேண்டும். ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன், பதினேழு டீ. காதுகுத்து, சடங்கு, துட்டி என்று ஒவ்வொன்றுக்கும் முதல் நாளே போய் வேலைக்கு நிற்க ஆள் வேண்டும். அந்த ஆள் எல்லா இடத்திலும் நான்தான். இவர் திண்ணையில் சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சோம்பேறி இல்லை அவர். முப்பத்தாறு வருடம் வெயிலில் கப்பல் தகட்டின்மேல் நின்றவர், அவருக்கு அந்தத் திண்ணை வேண்டும். ஆனால் அவர் ஓய்வு பெற்ற அதே தேதியில் நான் வேலையில் சேர்ந்திருக்கிறேன் என்பதை மார்கழிக் குளிரில் கோலம் போட்டுக்கொண்டிருந்தபோது திடீரென்று உணர்ந்தேன். ஊர் திரும்புவது என்று ஒரே வார்த்தையில் சொல்கிறோம். ஆணுக்கு அது ஓய்வு. பெண்ணுக்கு அது ஐம்பத்தேழு வயதில் மறுபடி மருமகளாவது.

இதை எழுதும்போதே சிலர் மருத்துவம் பற்றிக் கேட்பார்கள் என்று தெரியும். எங்கள் முடிவுக்கு அது பெரிய காரணம் இல்லை. 2022-இல் இராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரியே வந்துவிட்டது, பெரிய வைத்தியம் என்றால் மதுரை இருக்கிறது. விலைவாசியும் காரணம் இல்லை, இங்கே எல்லாம் மலிவுதான்.

நான் பிறந்தது மண்டபத்தில். இரண்டு பக்கமும் கடல். அப்பா மண்டபம் முகாமுக்கு வெளியே டீக்கடை வைத்திருந்தார். 1964-இல் இந்தியாவும் இலங்கையும் போட்ட ஒப்பந்தத்தின்படி மலையகத் தோட்டங்களிலிருந்து இலட்சக்கணக்கான தமிழர்களை இங்கே அனுப்பினார்கள். தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்குக் கப்பல், அங்கிருந்து பலர் மண்டபம் முகாமுக்கு. எனக்கு எட்டு, ஒன்பது வயதிருக்கும்போது அவர்கள் டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். காகிதத்தில் அவர்களுக்குப் பெயர் தாயகம் திரும்பியோர். தெருவில் சிலோன்காரங்க. தாத்தாவின் தாத்தா கிளம்பிப் போன ஊருக்கு இவர்கள் "திரும்பி" வந்தார்கள். ஒரு கிழவி எங்கள் கடை பெஞ்சில் உட்கார்ந்து, அப்பாவிடம், "ஐயா, எங்க ஊரு இங்கேருந்து எந்தப் பக்கம்?" என்று கேட்டது. ஊர்ப் பெயரைச் சொல்லத் தெரிந்தது, திசை தெரியவில்லை. அப்பா அந்தக் கிழவியிடம் டீக்குக் காசு வாங்கவில்லை. அவர்களுக்கு வேலை கொடுக்கவென்றே நீலகிரியில் அரசாங்கம் 1968-இல் தேயிலைத் தோட்டம் தொடங்கியது. மலையிலிருந்து வந்தவர்கள் மறுபடி மலைக்கே போனார்கள்.

அவர்களைக் கட்டாயப்படுத்தி அனுப்பினார்கள், நாங்களோ விரும்பி வந்தவர்கள். இரண்டையும் ஒன்றாக வைக்கும் உரிமை எனக்கு இல்லை. ஆனாலும் கடைத்தெருவில் "சிங்கப்பூர்க்காரம்மா" என்று யாராவது கூப்பிடும்போதெல்லாம் அந்தக் கிழவியின் முகம் வருகிறது. ஊரின் பெயர் தெரிந்தால் மட்டும் போதாது போலிருக்கிறது.

பங்குனி ஆரம்பத்தில் ஒரு விடியலில், ஊத்தில் நானும் அக்காவும் மட்டும். அவர் குழிக்குள், நான் மேலே குடத்தைப் பிடித்துக்கொண்டு. தண்ணீர் சுரக்கக் காத்திருக்கிறோம். நான் எதுவும் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்.

"ஏத்தா, நீ இங்க வந்துராத."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாங்கள் வந்தால் அவருக்குத்தான் துணை. அவர் தனியாள். நாங்கள் வர வேண்டும் என்று சாமிக்கு நேர்ந்துகொண்டிருப்பார் என்றுதான் நினைத்திருந்தேன்.

"என்னக்கா இப்படிச் சொல்றீங்க?"

"தம்பி வரட்டும், இருக்கட்டும். அவுக ஊரு. நீ கைக்காசு சம்பாரிச்ச புள்ள. இங்க வந்து என் மாதிரி குழிக்குள்ள நிக்கணும்னு ஒனக்கு என்ன தலையெழுத்து? எனக்குப் போறதுக்கு எடமில்ல, நிக்கிறேன். ஒனக்கு இருக்குல்ல."

சொல்லிவிட்டு சிரட்டையைச் சாய்த்து அள்ளிக் கொடுத்தார். நான் அழுதேன். "குடத்துல விழுகப்போகுது, தள்ளி நில்லு" என்றார்.

வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னேன். எங்கள் முப்பது வருட வாழ்க்கையில் அன்றைக்குப் போல விரிவாகப் பேசியதில்லை. அவர் கோபப்படவில்லை. மறுநாள் காலை நாலு மணிக்கு என்னை எழுப்பாமல் தானே வண்டியைத் தள்ளிக்கொண்டு கிளம்பிவிட்டார். சத்தம் கேட்டு நான் பின்னாலேயே போனேன். ஊத்துப் பக்கம் ஐந்தாறு பெண்கள் இருந்தார்கள். இவரைப் பார்த்ததும் குழியிலிருந்து ஏறி, சேலையை இறக்கிவிட்டு, தள்ளிப் போய் நின்றுகொண்டார்கள். ஒருவரும் அள்ளவில்லை. ஆண் ஒருவர் அங்கே நிற்கும்வரை அவர்கள் தண்ணீர் எடுக்க முடியாது. அக்கா ஓடிவந்து வண்டியின் கைப்பிடியைப் பிடுங்கினார். "நான் உசுரோட இருக்கயில தம்பி தண்ணி தள்ளுறதா? பாக்குறவுக என்னயத்தான் பேசுவாக." இவர் வெறும் கையோடு வீட்டுக்கு நடந்தார்.

உட்லண்ட்ஸ் வீட்டில் துணி துவைத்து, மூங்கில் கழியில் கோத்து, பன்னிரண்டாவது மாடி ஜன்னலுக்கு வெளியே நீட்டிக் காயப்போடுவது அவர் வேலை. ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கி, கழுவி, குழம்பு வைப்பது அவர். எனக்கு முட்டிவலி வந்த வருடம் முழுக்க வீடு துடைத்தவர் அவர். அன்றைக்கு ராத்திரி சொன்னார்: "அங்க நான் எல்லாம் செய்றேன். இங்க ஒரு குடத்தத் தொட விடமாட்டேங்கிறாங்க." கொஞ்ச நேரம் கழித்து, "நான் அங்க வேற ஆளா ஆயிட்டேன்ல" என்றார். ஆமாம் என்றேன். நான் கல்யாணம் செய்துகொண்டது இந்த ஊர்க்காரரை. ஆனால் முப்பது வருடம் சேர்ந்து வாழ்ந்தது உட்லண்ட்ஸ்காரரோடு. எனக்குக் கடைசிவரை வேண்டியது அவர்தான்.

சிங்கப்பூரைச் சொர்க்கம் என்று நான் எழுதவில்லை. உணவங்காடி நிலையத்தில் என்னைவிடப் பத்து வயது மூத்த பாட்டிமார் குனிந்து தட்டு எடுப்பதைப் பார்த்துவிட்டுச் சாப்பாடு இறங்காமல் எழுந்து வந்திருக்கிறேன். எங்கள் தளத்தில் எதிர்வீட்டுத் தாத்தா இறந்தது எங்களுக்கு இரண்டு நாள் கழித்துத்தான் தெரியும். இங்கே ஒரு வீட்டில் இருமல் சத்தம் கேட்காவிட்டால்கூட எட்டிப் பார்க்க ஆள் இருக்கிறது. அந்த எட்டிப்பார்ப்பு எனக்கு அங்கே கிடைக்காது. அதைத் தெரிந்துதான் போகிறேன். அதற்காக ஒன்று செய்திருக்கிறேன்: எங்கள் தளத்தில் இருக்கும் சீனப் பாட்டிக்கும் மலாய் அக்காவுக்கும் தினம் காலையில் கதவைத் தட்டி ஒரு வார்த்தை பேசுவது என்று முடிவெடுத்திருக்கிறேன். மலாய் அக்காவுக்கு ஏற்கெனவே குறுஞ்செய்தி அனுப்பிவிட்டேன்.

இவருக்கு மிச்சமிருந்த ஒரே வருத்தம் கடைசிக் காரியம் பற்றியது. மண்டாய் தகனச் சாலையில் ஒரு நம்பரோடு போவதை நினைத்தால் அவருக்குத் தாங்கவில்லை. தை அமாவாசையன்று தேவிபட்டினத்தில், கடலுக்குள் நிற்கும் நவபாஷாணக் கற்களைப் பார்த்தபடி, மாமாவுக்கும் அத்தைக்கும் எள்ளும் தண்ணீரும் இறைத்தார். அன்றைக்கு அவர் பக்கத்தில் முழங்கால் தண்ணீரில் நின்றவர்கள் எங்கெங்கிருந்தோ வந்தவர்கள். காசியிலிருந்தெல்லாம் இராமேசுவரத்துக்கு வருகிறார்கள், உட்லண்ட்ஸிலிருந்து வர முடியாதா என்று மகள் போனில் கேட்டாள். "நான் கொண்டுவருவேம்ப்பா. ரெண்டு பேரையும்" என்றாள். தெளிவாக, அழாமல் சொன்னாள். அதற்கப்புறம் அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

எங்கள் உட்லண்ட்ஸ் வீட்டு ஜன்னலில் நின்றால் மலேசியாவின் ஜொகூர் தெரியும். கடல்பாலத்தின் ஓரமாகத் தடித்தடியாகக் குழாய்கள் போகின்றன. சிங்கப்பூருக்கும் சொந்தத் தண்ணீர் போதாது. 1962-இல் போட்ட ஒப்பந்தப்படி 2061 வரை ஜொகூர் ஆற்றுத் தண்ணீர் அந்தக் குழாயில் வரும். அதோடு நிற்காமல் மழையைத் தேக்குகிறார்கள், கழிவுநீரைச் சுத்தம் செய்து 2003-லிருந்து நியூவாட்டர் என்று கொடுக்கிறார்கள், கடல்நீரையும் குடிநீராக்குகிறார்கள். அதுவும் தண்ணியில்லாக் காடுதான். காவிரிக் குழாயைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் குழாய் ஞாபகம் வந்தது. அங்கே முடிந்திருக்கிறது, இங்கே ஏன் ஒரு அறுபத்தொன்பது வயசு மனுஷி இன்னும் குழிக்குள் நிற்க வேண்டும் என்று எனக்கு ஆத்திரமாக இருக்கிறது. இந்த ஆத்திரத்தை நான் கூடவே கொண்டுபோகிறேன்.

போகும் முன் எங்கள் வீட்டில் தரைத்தொட்டி ஒன்று கட்டிவிட்டோம். லாரித் தண்ணீர் இறக்கினால் பதினைந்து நாள் தாங்கும். மோட்டார் போட்டு அக்கா வீட்டுக் கொல்லை வரை குழாய் இழுத்தாகிவிட்டது. லாரிக்கு மாதாமாதம் நான் என் கணக்கிலிருந்து அனுப்புவேன். எங்கள் வீட்டுச் சாவியும் அக்காவிடம்தான். வருடத்துக்கு இரண்டு மாதம், தையிலும் மாசியிலும், நாங்கள் வருவோம்.

போன ஞாயிற்றுக்கிழமை, 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி, பாம்பனில் புதிய இரயில் பாலம் திறந்தார்கள். 1914-இல் கட்டிய பழைய பாலத்தில் ஏறித்தான் நான் சின்ன வயதில் இராமேசுவரம் போவேன். டிவியில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அக்கா மெதுவாக, "இந்த பாஸ்போட்டு எனக்கெல்லாம் குடுப்பாகளா?" என்று கேட்டார். அறுபத்தொன்பது வருடத்தில் மதுரையைத் தாண்டிப் போகாதவர்.

ஆதாரை வைத்து நேற்று இவரே உட்கார்ந்து விண்ணப்பம் போட்டுவிட்டார். ஆடியில் வந்து ஒரு மாதம் இருக்கட்டும் என்று பேசிவைத்திருக்கிறோம். முற்றத்தில் காய்ந்த முண்டு மிளகாயை எனக்குக் கட்டிக் கொடுக்க அக்கா அள்ளிக்கொண்டிருந்தார். சிவப்பு உருண்டைகள் முறத்தில் கலகலவென்று சத்தம் போட்டன. அங்கே என்ன சாப்பாடு, குளிருமா, சேலை கட்டலாமா என்று வரிசையாகக் கேட்டார். அப்புறம் முறத்தைக் கீழே வைத்துவிட்டு,

"அங்க ஒங்க வீட்டுக்குள்ளயே குழாயி இருக்குன்னியே, அதுல தண்ணி வருமா?" என்றார்.

"வரும்க்கா."

"எத்தன மணிக்கு?"